இறக்கத்தில் இழுக்கும் கால்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்கு ஏறும் பஸ்ஸில், இருக்கை காலியாக இருந்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்து நின்றபடியே வருகிற ஆட்கள் உண்டு. உட்கார்ந்தாலும் ஒரு பக்கத்துப் பிட்டத்தில்தான் உட்காருவார்கள். இருமல் வந்தால் முதலில் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு பிறகுதான் இருமுவார்கள். வலி இடுப்பில் கிளம்பி, பிட்டத்துக்குள் புகுந்து, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலைக் கடந்து பெருவிரல்வரை போகும். "கரண்டு அடிச்ச மாதிரி சுர்ருன்னு இழுக்குது" என்பார்கள் தோட்டத்துச் சனம். வைத்தியசாலைத் துண்டில் சயாட்டிகா என்று எழுதியிருக்கும்.

நோவது காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பு. மனித உடம்பில் அதைவிடத் தடித்த நரம்பு கிடையாது. முள்ளந்தண்டின் அடிப்பகுதியிலிருந்து இறங்கும் ஐந்து வேர்கள் ஒன்றாகி, ஏறக்குறையக் கட்டைவிரல் பருமனில் காலுக்குள் போகின்றன. இந்த வலியை இடுப்பு மூட்டின் வலியிலிருந்து பிரித்து, நோவது நரம்பு என்று 1764இல் எழுதியவர் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் டொமெனிக்கோ கொட்டுன்யோ. அந்த நரம்பை எது நெரிக்கிறது என்பது தெளிவாக மேலும் 170 வருடம் பிடித்தது. 1934இல் பொஸ்டன் நகரத்து மருத்துவர்களான வில்லியம் மிக்ஸ்டரும் ஜோசப் பாரும், எலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டு கிழிந்து அதன் உள்ளிருப்பது பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துகிறது என்று அறுவைச் சிகிச்சையில் கண்டதை வைத்து நிறுவினார்கள். இன்றைக்கு யாரைக் கேட்டாலும் "டிஸ்க் வெலகிருச்சு" என்று சொல்வது அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து வந்த பேச்சு.

இரத்தோட்டை நகரத்தைத் தாண்டியதும் பாதை நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி வளைந்து ஏறுகிறது. பம்பரகிரி எல்ல நீர்வீழ்ச்சி, தேயிலை, மரத்தில் படர்ந்த மிளகு, கராம்பு, ஏலம், பிறகு காடு, காற்று ஓயாத ரிவர்ஸ்டன், அதற்கப்பால் பிட்டவல பத்தன புல்வெளி, இலுக்கும்புர, லக்கல. நிக்கலோயா, கம்மடுவ, ஓப்பல்கல, கந்தேநுவர என்று தோட்டங்கள் இந்த மலைகளின் மடிப்புகளில் கிடக்கின்றன. 2010இல் யுனெஸ்கோ இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக அறிவித்தபோது நக்கிள்ஸ் காடும் அதில் சேர்ந்தது. கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வார இறுதியில் வேன்கள் வருகின்றன. முதுகில் பை, கையில் தடி, காலில் அட்டைக்கடி படாத நீளக் காலுறை. அந்த வேன்களுக்கு வழிவிட்டுப் பாதை ஓரத்தில் நிற்கும் பெண்களின் முதுகில் கொழுந்துக் கூடை.

ஒரே சரிவில் இரண்டு விதமான முதுகுகள் ஏறுகின்றன. இரண்டுக்கும் வருகிற நோய் ஒன்று. மருத்துவம் இன்று இரண்டுக்கும் சொல்லும் புத்திமதியும் ஒன்றுதான். அந்தப் புத்திமதியை எடுத்துக்கொள்ள யாருக்கு இடமிருக்கிறது என்பதில்தான் பிரிகிறார்கள்.

முன்பெல்லாம் இந்த வலிக்குக் கட்டில்தான் மருந்து. வாரக்கணக்கில் அசையாமல் படு, எழும்பாதே, குனியாதே. அந்த நம்பிக்கை 1986இல் ஆட்டம் கண்டது. அமெரிக்காவில் றிச்சர்ட் டேயோவும் சகாக்களும் திடீர் முதுகுவலியோடு வந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை இரண்டு நாளும் மற்றவர்களை ஏழு நாளும் படுக்கச் சொன்னார்கள். ஏழு நாள் படுத்தவர்களுக்குக் கூடுதல் பயன் எதுவும் கிடைக்கவில்லை. வேலைக்குப் போகாத நாட்கள்தான் கூடின. அது முதுகுவலிக்கு. காலுக்கு இறங்கும் வலிக்கு என்ன என்ற கேள்விக்கு 1999இல் நெதர்லாந்திலிருந்து பதில் வந்தது. சயாட்டிகா வந்த 183 பேரில் பாதிப்பேர் இரண்டு வாரம் படுத்தார்கள், மற்றவர்கள் முடிந்த மட்டும் நடமாடினார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தபோது இரு பக்கமும் நூற்றுக்கு 87 பேர் தேறியிருந்தார்கள். படுக்கை எதையும் கூட்டித் தரவில்லை.

ஆக இன்று சொல்லப்படுவது இது: வலி தாங்க முடியாத ஓரிரு நாள் ஓய்வெடு, பிறகு நட. கொஞ்சமாகத் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போ. வலி கூடினால் அளவைக் குறை, ஆனால் அடியோடு நிறுத்தாதே.

மலையேற ஆசைப்படும் ஒருவருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. கணினிக்கு முன்னால் பத்து மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவருக்கு ஒரு காலையில் கட்டிலிலிருந்து எழும்ப முடியாமல் போய், எம்.ஆர்.ஐ. படத்தில் "தட்டுப் பிதுக்கம்" என்று வந்துவிட்டால், ரிவர்ஸ்டன் இனி இல்லை என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. படம் பார்த்துப் பயப்படுவது பெரிய நோய். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படம் எடுத்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதாவது ஒரு தட்டு உப்பியிருந்தது. எல்லாத் தட்டும் ஒழுங்காக இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேர்தான். படத்தில் இருப்பது முழுக்க நோவதில்லை. இன்னொன்றும் உண்டு. பிதுங்கி வெளியே வந்த துண்டைப் பல வேளை உடம்பே நாளடைவில் கரைத்து எடுத்துவிடுகிறது. பெரிதாக வெளியே தள்ளப்பட்ட துண்டுகளே கூடுதலாகக் கரைகின்றன என்பது, படத்தைப் பார்த்துக் கலங்கிப்போனவர்களுக்கு முதலில் சொல்லவேண்டிய சங்கதி.

கத்தி வைக்கவேண்டுமா என்ற கேள்வியும் இதோடு வரும். 2007இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், கடுமையான சயாட்டிகாவோடு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் அவதிப்பட்ட 283 பேரிடம் இதைச் சோதித்தார்கள். சீக்கிரம் அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்குக் கால்வலி விரைவாக நின்றது. பொறுத்திருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேர் பிறகு கத்திக்குப் போனார்கள். ஒரு வருடம் முடிந்தபோது இரு பக்கமும் நூற்றுக்கு 95 பேர் தேறியதாகச் சொன்னார்கள். கத்தி வலியின் நாட்களைக் குறைக்கிறது. வருட முடிவில் கிடைப்பதை மாற்றுவதில்லை. நாட்களைக் குறைப்பது சின்ன விஷயம் என்று வலிக்காதவர்கள்தான் சொல்வார்கள்.

பொறுத்திருக்கக் கூடாத நிலையும் ஒன்று உண்டு, அதை நிறுத்திச் சொல்லவேண்டும். இரண்டு தொடைகளுக்கும் நடுவில், மலம் சலம் போகும் இடத்தைச் சுற்றி மரத்துப்போனால், சலம் முட்டியும் போக முடியாமல் இருந்தால், அல்லது தெரியாமலே போய்விட்டால், பாதம் தூக்க வராமல் தொங்கிவிட்டால், அன்றைக்கே பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இரத்தோட்டையிலிருந்து மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலை, அங்கிருந்து தேவையானால் கண்டி. அப்போது ஒவ்வொரு மணி நேரமும் பெறுமதி. வெட்கத்தால் இதை வெளியே சொல்லாமல் வீட்டில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு கிடப்பது வாழ்நாள் ஊனத்தில் முடியும்.

இந்த ஆபத்து இல்லாதவர்களுக்கு மலை திரும்பக் கிடைக்கும். எப்படி என்றால், தரையிலிருந்து. 2024இல் லான்செட் சஞ்சிகையில் வந்த அவுஸ்திரேலிய ஆய்வு, முதுகுவலியிலிருந்து அண்மையில் தேறிய 701 பேரை எடுத்துக்கொண்டது. ஒரு பகுதியினருக்கு நடைப் பயிற்சி: மெல்ல மெல்லக் கூட்டி, வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம்வரை. நடந்தவர்களில் பாதிப்பேருக்கு வலி திரும்பி வர 208 நாள் எடுத்தது. நடக்காதவர்களுக்கு 112 நாள். சயாட்டிகாவுக்கென்றே செய்த ஆய்வு அல்ல அது. என்றாலும் காசு செலவில்லாத ஒரு வைத்தியத்துக்கு இவ்வளவு பலன் இருக்கிறதென்றால் அதை உரக்கச் சொல்வதில் தவறில்லை.

சமதரை நடை பழகிய பிறகுதான் படிகள். பம்பரகிரி எல்லவுக்கு இறங்கி ஏறுவது நல்ல முதல் சோதனை, ஈரம் இல்லாத நாளில். நரம்பின் ஐந்தாம் இடுப்பு வேர் பழுதுபட்டவர்களுக்குப் பெருவிரலைத் தூக்குவதில் பலம் குறைந்திருக்கும். குதிகாலில் நின்று நடந்து பார்த்தால் வீட்டிலேயே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட கால் பாசி பிடித்த கல்லில் இழுபட்டுத் தடுக்கும். அடுத்த கட்டம் பிட்டவல பத்தன: பாறைமேல் மெல்லிய மண், அதன்மேல் புல், இந்த மலைத்தொடரை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறு தவளை அந்தப் பாறை ஈரத்தில். ஏற்ற இறக்கம் அங்கே அதிகமில்லை. ரிவர்ஸ்டன் கோபுரத்துக்கு ஏறுவது அதற்கும் பிறகு. காற்று ஆளைத் தள்ளும் இடத்தில் இடுப்புத் தசைகள் ஒவ்வோர் அடிக்கும் இழுத்துப் பிடிக்கவேண்டியிருக்கும். பை பாரமாக இருக்கக் கூடாது. இறங்கும்போது அடி சின்னதாக, முழங்கால் கொஞ்சம் மடிந்து. அட்டை காலில் ஏறிவிட்டால், பதறிப்போய் இடுப்பிலிருந்து மடிந்து திரும்பிப் பிடுங்கப் போகிற அந்த ஒரு கணம் பழைய வலியைக் கொண்டுவந்துவிடும். காலைத் தூக்கி ஒரு கல்லில் வைத்து, முதுகை வளைக்காமல் எடுக்க வேண்டும். வீடு திரும்பும் பயணம்தான் பலருக்கு மலையைவிடக் கொடியது. வளைவுப் பாதையில் இரண்டு மணி நேரம் வேனில் உட்கார்ந்திருப்பது தட்டுக்குச் சுமை. இடையிடையே நிறுத்தி இறங்கி நிற்கவேண்டும்.

இப்போது மற்ற முதுகு.

கொழுந்தெடுக்கும் பெண்ணின் நாள் விடியுமுன் தொடங்குகிறது. தண்ணீர், அடுப்பு, பிள்ளைகளின் சாப்பாடு. காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போய், மலை பிரித்துக் கொடுத்ததும் இடுப்பைச் சுற்றிப் படங்கைக் கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிச் சரிவில் ஏறவேண்டும். மேட்டுப்பக்கத்துக் கால் மடிந்து, பள்ளத்துப்பக்கத்துக் கால் நீண்டு, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தே நாள் முழுக்க நிற்கிறது. கை இரண்டும் முன்னே எட்டுகின்றன, கூடை பின்னே இழுக்கிறது. மழைக்காலத்தில் இலையின் ஈரமும் சேர்ந்து பாரம். கூடை நிறைந்தால் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கி, நிறுத்து, மறுபடி ஏற்றம். 1960களில் சுவீடனைச் சேர்ந்த அல்ஃப் நாக்கெம்சன் உயிருள்ள மனிதர்களின் முதுகுத் தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நேராக நிற்பதைவிட முன்சாய்ந்து பாரம் தாங்கும்போது அழுத்தம் மிகக் கூடுகிறது என்று கண்டார். கொழுந்து மலையின் வேலை முழுவதும் அந்த முன்சாய்வுதான். ஆண்கள் பக்கம் மருந்தடிக்கும் தாங்கி, உர மூட்டை, முள்ளுக் குத்து, கவ்வாத்து. அதுவும் குனிந்து செய்வது, அதிலும் பாதி உடம்பைத் திருப்பிச் செய்வது.

அவளுக்குக் காலில் இழுப்பு வந்தால் முதலில் சித்தாலேப பூச்சு. பிறகு ஆமணக்கிலை ஒத்தடம். பக்கத்துச் சிங்களக் கிராமத்து நாட்டு வைத்தியரான வெதமாத்தயாவிடம் எண்ணெய். தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல். இதெல்லாம் போதாமல் போனபிறகுதான் இரத்தோட்டை வைத்தியசாலை, அதற்கு ஒருநாள் வேலை போகும். மாத்தளைக்குத் துண்டு எழுதினால் இன்னொரு நாள். அங்கே மருத்துவர் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்குவார். பாதி உயரம் போகுமுன் அவள் கத்திவிடுவாள். மருத்துவர் சொல்வது, கொழும்பிலிருந்து வந்தவருக்குச் சொன்னதேதான்: "படுத்தே கிடக்காதீங்க அம்மா. கொஞ்சம் கொஞ்சமா நடங்க. பாரம் தூக்காதீங்க. நோவு கூடினா நிப்பாட்டுங்க."

நோவு கூடினால் நிறுத்தும் உரிமை அவள் கையில் இல்லை. கொழுந்துக்கு அளவு உண்டு. பல தோட்டங்களில் 18 கிலோ. அது நிறையாவிட்டால் அரைப்பேர். 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்ந்த நாட்சம்பளம் அரைப்பேரில் பாதியாகிவிடும். மருத்துவர் சொல்லும் "கொஞ்சம் கொஞ்சமாக" என்ற நிறுவை மடுவத்தில் கிடையாது. ஆகவே அவள் இரண்டில் ஒன்றைச் செய்கிறாள்: வலியோடு முழுக்கூடை, அல்லது லயத்தில் முழு ஓய்வு. மருத்துவம் கூடாது என்று சொல்லும் இரண்டு எல்லைகளுமே அவளுக்குக் கிடைக்கின்றன. நடுவில் இருக்கும் அந்தப் பாதை, வார இறுதியில் வேனில் வருகிறவர் தன் விருப்பத்துக்குக் கூட்டியும் குறைத்தும் நடக்கிற பாதை, அதே மலையில் வாழும் அவளுக்கு அடைபட்டிருக்கிறது.

வயதான பிறகு வருவது வேறொரு கோலம். அறுபதைத் தாண்டி வேலையிலிருந்து நின்ற பெண்களில் சிலர், தடியூன்றி முன்னே குனிந்தபடி ஏற்றத்தைச் சிரமமில்லாமல் ஏறிவிடுவார்கள். இறக்கத்தில்தான் கால் இழுக்கும், மரக்கும், நடுவழியில் உட்காரச் சொல்லும். உட்கார்ந்து குனிந்ததும் விட்டுவிடும். பார்ப்பவர்களுக்கு இது புதிராக இருக்கும். ஏறுவதல்லவா கஷ்டம் என்பார்கள். முள்ளந்தண்டின் உள்வழி வருடங்களால் ஒடுங்கிப்போனவர்களுக்கு, குனியும்போது அந்த வழி சற்று விரிந்து நரம்புக்கு இடம் கிடைக்கிறது. இறக்கத்தில் உடம்பு பின்னுக்கு நிமிர்வதால் அது இறுகுகிறது. இளவயதில் தட்டுப் பிதுங்கியவருக்குப் பெரும்பாலும் இதற்கு மறுபக்கம்: குனிந்தால் நோவு, உட்கார்ந்தால் நோவு, நின்று நடந்தால் கொஞ்சம் ஆறுதல். தாயும் மகளும் ஒரே லயத்தில் ஒரே நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டு எதிரெதிர் வைத்தியம் தேவைப்படுகிறவர்களாக இருக்கக்கூடும். தாய்க்கு நன்றாக இருந்த குனிவை மகளுக்கும் சொல்லக் கூடாது.

இந்தச் சனத்துக்கு நடை புதிதல்ல. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து படகேறித் தலைமன்னாரில் இறங்கியவர்கள், காட்டுவழியே நடந்து சேர்ந்த ஊர் மாத்தளை. கொள்ளைநோயில் பாதி வழியில் விழுந்தவர்கள் பலர். 2023இல், வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்து, அவர்களின் பேரப்பிள்ளைகளும் நண்பர்களும் ஜூலை 28 தலைமன்னாரில் நடக்கத் தொடங்கி ஓகஸ்ட் 12 மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். வழியெல்லாம் ஊர்கள் தண்ணீர் கொடுத்தன, தங்க இடம் கொடுத்தன. வீடு, காணி, சமமான கூலி என்பவை அந்த நடையின் கோரிக்கைகள். உடம்பைப் பற்றிய கோரிக்கை ஒன்றும் அந்த வரிசையில் சேரத் தகுந்தது, ஏனென்றால் வந்த நாளிலிருந்து இவர்களிடம் கேட்கப்பட்டது உடம்பைத்தான்.

மிக்ஸ்டரும் பாரும் எழுதிய அதே 1934இல் இலங்கையில் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. வேலையில் நேரும் விபத்துக்கும், அட்டவணையில் பெயர் சொல்லப்பட்ட தொழில் நோய்களுக்கும் நட்டஈடு. விபத்துக்கு ஒரு நாள் உண்டு, நேரம் உண்டு, பார்த்த சாட்சி உண்டு. சரிவில் ஒரு பக்கம் சாய்ந்தபடி இருபது வருடம் நின்ற இடுப்புக்கு எந்த நாளைச் சொல்வது? தட்டு கடைசியில் கிழிவது பல வேளை அடுப்படியில், கீழே விழுந்த கரண்டியை எடுக்கக் குனியும்போது. அது வீட்டில் நடந்ததாகிவிடுகிறது. கிழித்தது கரண்டி அல்ல என்பது எல்லாருக்கும் தெரியும். எழுதிக்காட்ட ஒரு படிவம் இல்லை.

உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் மலையேறுபவருக்கு எழுதிக்கொடுக்கும் அட்டவணை எளிமையானது: முதல் வாரம் இவ்வளவு தூரம், அடுத்த வாரம் கொஞ்சம் கூட, வலி வந்தால் ஒரு படி பின்னே. அதைக் கிலோமீற்றரிலிருந்து கிலோவுக்கு மாற்றினால் போதும். நோயாளி என்று வைத்தியசாலைத் துண்டோடு வரும் பெண்ணுக்கு முதல் வாரம் ஆறு கிலோ, தாழ்ந்த மலையில், மடுவத்துக்குப் பக்கத்தில். பிறகு பத்து, பதினாலு, பதினெட்டு. வலி கூடினால் ஒரு வாரம் பின்னே. அந்த வாரங்கள் முழுக்க முழுப்பேர். கூடைக்குப் பதிலாகத் தோளிலும் இடுப்பிலும் பாரத்தைப் பிரித்துத் தாங்கும் பை. அதுவும் முடியாதவர்களுக்குக் கன்று வளர்க்கும் இடத்திலோ, சிறுபிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவிலோ சில வாரம். புதிய மருந்தோ இயந்திரமோ இதற்கு வேண்டியதில்லை. துண்டு எழுதும் மருத்துவர் "பாரம் தூக்கக் கூடாது" என்று பொதுவாக முடிக்காமல், எத்தனை கிலோ, எத்தனை வாரம் என்று எழுதவேண்டும். பெரட்டில் பேர் எழுதுகிறவருக்கு அதை அப்படியே ஏற்கும்படி நிர்வாகத்தின் உத்தரவு இருக்கவேண்டும். சங்கங்கள் சம்பளப் பேச்சுக்கு உட்காரும்போது ரூபாய்க் கணக்குக்குப் பக்கத்தில் இந்த வாரக் கணக்கையும் எழுதி மேசையில் வைக்கலாம். தேயிலை விலை ஏறுமா இறங்குமா என்ற வழக்கமான பதிலைச் சொல்லி இதைத் தள்ளிப்போட நிர்வாகத்துக்கு வழியில்லை, ஏனென்றால் ஆறு வாரத்தில் மலைக்குத் திரும்பும் கொழுந்துக்காரி, வலியோடு ஒரு வருடம் அரைப்பேரில் இழுபடும் கொழுந்துக்காரியைவிடத் தோட்டத்துக்கும் செலவு குறைந்தவள்.